திடாசனாவில் உடம்பு இறுகிய கதை

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, திடாசனா என்றொரு தொழிற்சாலை இருந்தது. கார்களுக்கு இருக்கை செய்யும் இடம். அங்கே செய்த இருக்கையில் உட்கார்ந்த யாரும் குறை சொன்னதில்லை. குறை வந்ததெல்லாம் அதைச் செய்தவர்களைப் பற்றித்தான்.

வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிறவர்களை மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள் மிகவும் சோர்ந்து தெரிகிறார்களே" என்றாராம். கவலையோடுதான் சொன்னார். ஆனால் விமானம் ஏறும்போது அவர் கவலையையும் கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொன்ன சொல் மட்டும் திடாசனாவில் தங்கிவிட்டது. நிர்வாகக் குழு கூடி அதை ஆராய்ந்தது. சோர்வுக்கு ஓவர்டைம் காரணமாக இருக்கலாம் என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்க மறந்துவிட்டார்கள். கடைசியில், தொழிலாளர்களின் உடம்பு தளர்ந்து கிடப்பதுதான் கோளாறு என்று முடிவாயிற்று.

மனிதவள மேலாளர் மணிகண்டபிரபு எல்லோரையும் கூட்டிப் பேசினார்.

"ஃபிரெண்ட்ஸ், ஒரு கஸ்டமர் நம்ம சீட்ல உக்கார்றார். சீட் கிண்ணுனு இருக்கு. சந்தோஷம். அப்புறம் அதைச் செஞ்ச ஆளைப் பாக்கறார். ஆளு தொளதொளன்னு நிக்கிறான். அவருக்கு நம்பிக்கை வருமா? மேனேஜ்மென்ட் உங்ககிட்ட ஆரோக்கியம் கேக்கல. ஆரோக்கியம் உங்க பர்சனல் விஷயம், அதுல கம்பெனி தலையிடாது. பாக்கறதுக்கு ஆரோக்கியமா இருங்கன்னுதான் கேக்கறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினால் சீக்கிரம் லைனுக்குத் திரும்பலாம் என்பது அவர்கள் அனுபவம்.

காசிராஜனும் தட்டினான். வள்ளியூர்ப் பக்கத்து ஆள். பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்று வருடம் முடியப் போகிறது. முடிந்தால் ஒன்று நிரந்தர ஆணை கிடைக்கும், இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். மனைவி வேல்விழியும் ஒன்றரை வயது மகள் கவிப்பிரியாவும் அந்த ஆணைக்காக ஊரில் காத்திருந்தார்கள். படப்பையில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தான். வீட்டுக்காரர் நாகப்பன் நல்ல மனுஷன். "நீ பர்மனென்ட் ஆவற வரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன், இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் ஆனா" என்று சொல்லியிருந்தார்.

மாசக் கடைசியில்தான் தலைமை அலுவலகக் குழு மறுபடி வருகிறது. அதற்குள் உடம்பு தேறியவர்களுக்கே நிரந்தர ஆணை என்று அறிவிப்பு வந்தது.

முதல் கட்டம் எடைக் குறைப்பு. சரக்கு அனுப்பும் பிரிவில், இருக்கைகளை அடுக்கி எடை போடும் மேடை இருந்தது. ஆட்களை அதில் ஏற்றினார்கள். ஏறியதும் மெஷின் ஒரு சீட்டைத் துப்பும். காசிராஜனின் சீட்டில் அவன் எடைக்குக் கீழே, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியும் அச்சாகி வந்தது. அவன் கொஞ்சம் பெருத்த உடம்புக்காரன். கேன்டீனில் சோற்றுக்குப் பதில் வெள்ளரிக்காயும் கஞ்சித் தண்ணீரும் வந்தன. சர்க்கரையை டீயிலிருந்து எடுத்தார்கள். காசிராஜன் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வெள்ளரிக்காயையும் பாதி நாள் தொடாமல் விட்டான். வேல்விழி போனில் கேட்பாள்.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டிய?"

"சோறுதான்."

"என்ன கொழம்பு?"

அங்கேதான் மாட்டிக்கொள்வான். பொய்க்குக் குழம்பு வைக்க அவனுக்கு வராது.

உடம்பு மளமளவென்று இறங்கியது. 'வாரத்தின் சிறந்த இளைப்பாளர்' என்று கோப்பை கொடுத்தார்கள். மேடையில் எடுத்த போட்டோவைப் பார்த்து மணிகண்டபிரபு முகம் சுளித்தார். கன்னம் தொங்கியது. சட்டைக் கைக்குள் புஜம் துவண்டு கிடந்தது.

"என்ன காசிராஜன், ஃபோம் உருவின சீட் கவர் மாதிரி இருக்கீங்களே?"

"நீங்கதான சார் எறக்கச் சொன்னிய?"

"எறக்கச் சொன்னோம். தொங்கச் சொன்னோமா?"

ஆகவே இரண்டாம் கட்டம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பகலவன் என்ற மாஸ்டரை அழைத்து வந்தார்கள். அவர் நேர்மையானவர். எடை குறைத்தால் மட்டும் உடம்பு இறுகிவிடாது என்றும், கூடவே பளு தூக்க வேண்டும் என்றும் விளக்கினார். தசைக்குத் தீனியாகப் பயறு, முட்டை, பால் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், பொறுமையாக மாதக்கணக்கில் செய்ய வேண்டும் என்றார். நிர்வாகக் குழு நன்றி சொல்லி அனுப்பியது. பயறும் முட்டையும் கேன்டீன் திட்டத்தில் இல்லை. தூக்கம் ஷிஃப்டில் இல்லை. மாதக்கணக்கு மாசக் கடைசிக்குள் அடங்காது. மிஞ்சியது பளு. அதை வாங்கினார்கள்.

கூடத்துக்கு ரிப்பன் வெட்டினார்கள். பெரிய பெரிய இரும்புத் தட்டுகள் மாட்டிய கம்பிகள் பளபளத்தன. சின்னவை பார்ப்பதற்குக் கம்பீரமாக இல்லை என்று வாங்கவில்லை. காசிராஜன் குனிந்து ஒன்றில் கை வைத்ததுதான் தாமதம், விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார் பாதுகாப்பு அதிகாரி வனமாமலை.

"கைய எடுங்க! பதினஞ்சு கிலோவுக்கு மேல கையால தூக்கக் கூடாது. பிளான்ட் ரூல்."

"சார், இது தூக்கறதுக்குத்தான வாங்கிருக்கு?"

"தூக்கறதுக்குத்தான். கையால தூக்கறதுக்கு இல்ல."

"பெறவு எப்படி சார்?"

"ஹாய்ஸ்ட் வருது."

வந்தது. லைனில் இருக்கைகளைத் தூக்கும் அதே தொங்கு இயந்திரம். பொத்தானை அமுக்கினால் கொக்கி இறங்கி, கம்பியைக் கவ்வி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கும். மறுபடி அமுக்கினால் இறக்கும். பயிற்சி செய்பவர் பக்கத்தில் நின்று கம்பியை மரியாதையாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தினமும் இப்படிப் பயிற்சி செய்ததில் காசிராஜனுக்குக் கட்டைவிரல் மட்டும் நன்றாக இறுகியது.

உடம்பு இறுகியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்வைக்கு ஒவ்வொருவருக்கும் ஒன்று தோன்றுமே என்று பிளான்ட் ஹெட் ஸ்ரீதர் கவலைப்பட்டார். அப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு கைகொடுத்தது. இருக்கைக்குள் வைக்கும் ஃபோம் எவ்வளவு கெட்டி என்று அழுத்திப் பார்க்கும் கேஜ் ஒன்று அவர்களிடம் உண்டு. ஆளுக்கு வைத்தால் என்ன? வைத்தார்கள். வயிற்றுக்கு உட்காரும் மெத்தையின் தரம், புஜத்துக்கு முதுகுச் சாய்வின் தரம், கன்னத்துக்குத் தலைச் சாய்வின் தரம் என்று நிர்ணயித்தார்கள். தேறினால் பச்சை ஸ்டிக்கர். தேறாவிட்டால் என்.ஜி., அதாவது தேறாத சரக்கு என்று சிவப்பு ஸ்டிக்கர். நெஞ்சில் ஒட்டுவார்கள். எலெக்ட்ரீஷியன் யாக்கோபுவுக்குக் கன்னம் மட்டும் தேறியது. தலையைப் பொறுத்த வரைக்கும் ஏற்றுமதிக்கு உகந்தவர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கேஜ் வைக்கும் வேலை அமலாவுக்கு. வாலாஜாபாத்திலிருந்து வரும் பெண். ஒவ்வொருவர் கையிலும் அழுத்துவதற்கு முன்னால், "மன்னிச்சுக்குங்கண்ணா" என்பாள். காசிராஜனின் புஜத்தில் அழுத்தினாள். கேஜ் இழுவையாக ஒரு சத்தம் கொடுத்தது.

"என்.ஜி.-ங்கண்ணா."

"பரவால்லம்மா. ஒட்டு."

சிவப்பு ஸ்டிக்கர்காரர்கள் டீ நேரத்தில் மற்றவர்களோடு நிற்கக் கூடாது. மஞ்சள் டேப் ஒட்டிய 'ரீவொர்க் ஏரியா'வில் நிற்க வேண்டும். மறுவேலைக்கு ஒதுக்கிய இருக்கைகளும் அங்கேதான் அடுக்கியிருந்தன. அனுமதியில்லாமல் டேப்பைத் தாண்டினால் அன்றைக்கே வீட்டுக்கு. தேறாத சரக்கு தேறிய சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்பது எந்தத் தொழிற்சாலையிலும் மாறாத சட்டம். டேப்புக்குள் நிற்கிறவர்களை முதல் இரண்டு நாள் மற்றவர்கள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டார்கள். காசிராஜனுக்குக் கேலியே தேவலை என்றிருந்தது.

கேன்டீனில் வேலை செய்யும் மரகதம் மட்டும் பார்த்தாள். பென்னலூர்க்காரி. ஒருநாள் கேட்டுக்கு வெளியே அவனை நிறுத்தினாள்.

"இன்னாப்பா இது, கண்ணு ரெண்டும் உள்ள பூட்டுது. துண்றியா இல்லியா?"

"திங்கக் கூடாதுக்கா. ரூலு."

"எவன்டா அவன் ரூலு? வா இப்டி."

கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையார் கோயில் ஒன்று இருந்தது. நிலம் அளக்கும்போது எல்லாவற்றையும் அளந்தவர்கள் அவரை மட்டும் நகர்த்தத் துணியவில்லை. மரகதம் தூக்குச் சட்டியில் கொள்ளுச் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். சாமிக்குக் காட்டிவிட்டு இலையில் கட்டிக் கொடுத்தாள்.

"கேட்டுல செக்யூரிட்டி புடுங்கிருவான்க்கா. வெளிச் சாப்பாடு விட மாட்டான்."

"பிரசாதம்னு சொல்லு. எவன் கை வெக்கிறான்னு பாக்கறேன். அடியில ஒரு முட்ட தனியா பேப்பர்ல மட்ச்சி வெச்சிகீறேன். அது சாமிக்குக் காட்டல, உனக்கு."

செக்யூரிட்டி பிரித்துப் பார்த்தான். பிரசாதம் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் இரண்டு மணி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உணவுக் கட்டுப்பாட்டு விதியில் பிரசாதத்தைத் தடை செய்யும் துணிச்சல் யாருக்கும் வந்திருக்கவில்லை.

இப்படித் தினமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போக காசிராஜனுக்கு மனம் வரவில்லை. கேன்டீனுக்கு வரும் வெள்ளரிக்காய் மூட்டைகளை, உள்ளே வரப் பாஸ் இல்லை என்று வேன்காரன் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போவான். மரகதம் அவற்றை இழுத்து இழுத்துக் கேட்டு வரை கொண்டுவருவாள். காசிராஜன் தினமும் அரை மணி முன்னதாக வந்து மூட்டைகளைத் தோளில் ஏற்றினான். வெளியே வனமாமலையின் விசில் செல்லாது. பகலவன் மாஸ்டர் சொன்னது இப்படிக் கேட்டுக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவரே சொன்னதுபோல அதற்கு மாதக்கணக்கு வேண்டும். மாசம் ஓடிக்கொண்டிருந்தது.

குழு வரும் நாள் வந்தது. காலையில் கடைசிச் சோதனை. காசிராஜன் கையைத் தொங்கவிட்டு நின்றான். அமலா அழுத்தினாள். முன்னைக்கு நிறைய ஏறியிருந்தது. தேறுவதற்கு மயிரிழைதான் பாக்கி. கேஜ் இழுவையாகக் கத்தியது.

அமலா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, நான் பச்சை ஒட்டிர்றேன். யாரும் பாக்கல."

 காசிராஜனுக்குப் படப்பை வீட்டின் நீலக் கதவு கண்ணில் வந்தது. ஒரு தலையாட்டல் போதும்.

"வேண்டாம்மா. பெறவு கணக்குப் பாத்தா ஒன் வேலைக்கே ஆபத்து வந்துரும். நீ செவப்பே ஒட்டு."

அவள் ஒட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒட்டியதில் ஸ்டிக்கர் கோணலாக விழுந்தது.

பெரிய ஹாலில் பச்சை ஸ்டிக்கர்காரர்கள் முன்வரிசைகளில் நின்றார்கள். காசிராஜனும் இன்னும் சிலரும் பின்னால் மஞ்சள் டேப்புக்குள், விருந்தினர் கண்ணில் படாதபடி, அடுக்கிய இருக்கைகளின் மறைவில். தலைமை அலுவலகத்தார் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மணிகண்டபிரபு மைக்கைப் பிடித்தார். ஒரு மாதத்தில் அவரும் நன்றாக இளைத்திருந்தார். டை மட்டும் பழைய அளவில் இருந்தது.

"இந்தத் திட்டத்தோட வெற்றிக்கு நாந்தான் உதாரணம். ஸ்டாஃப்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி நானே செஞ்சு பாக்கறேன். காலையில ஒரு வெள்ளரிக்காய். மத்தியானம் அதே வெள்ளரிக்காயோட மீதி. இப்ப நம்ம பிளான்ட்ல சோர்ந்துபோய் யாரும் விழறதில்லை..."

அந்தச் சொல் முடிவதற்குள் விழுந்தார்.

மைக் உருண்டு கிறீச்சிட்டது. இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதோ என்று விருந்தினர் பார்த்தார்கள். மணிகண்டபிரபுவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. வனமாமலை ஸ்ட்ரெச்சரைத் தேடி ஓடினார். அது கண்ணாடிப் பெட்டிக்குள், 'ஆய்வு முடியும் வரை திறக்கக் கூடாது' என்று சீல் வைத்துப் பளபளத்தது. திரும்பி ஓடி வந்தார்.

"யாரும் தூக்காதீங்க! சார் எண்பத்தஞ்சு கிலோ. ஆளுக்குப் பதினஞ்சுன்னா ஆறு பேர் வேணும். தூக்கற டிரெயினிங் சர்ட்டிஃபிகேட் உள்ளவங்க முன்னால வாங்க!"

ஐந்து பேர் வந்தார்கள். ஆறாமவன் லீவு. ஐந்து பேரும் மணிகண்டபிரபுவைச் சுற்றி நின்று ஆறாமவனுக்காகக் காத்தார்கள். ஸ்ரீதர் விருந்தினரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஹாய்ஸ்ட் கொண்டு வாங்க" என்று பல்லுக்குள் சொன்னார். ஹாய்ஸ்டை உடற்பயிற்சிக் கூடத்து உத்தரத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள்.

இருக்கைகளின் இடுக்கு வழியாகக் காசிராஜன் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளரின் ஒரு கால் ஷூ கழன்று கிடந்தது. காலுறை கிழிசலில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. மூன்று வருடமாக அந்த மனிதரிடம் அவன் பயந்திருக்கிறான். அந்தப் பெருவிரலைப் பார்த்ததும் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காலடியில் மஞ்சள் டேப் இருந்தது. அதைத் தாண்டினால் நாளைக்கு வள்ளியூர் பஸ். நாகப்பன் வேறு ஆளுக்குச் சாவி கொடுத்துவிடுவார். கவிப்பிரியா அப்பா என்று போனைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"முருகா" என்றான். தாண்டினான்.

குனிந்து, மூட்டைக்குக் கை கொடுப்பதுபோல் முதுகுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை கொடுத்து, எழுந்தான். எண்பத்தைந்து கிலோவும் அவனோடு எழுந்தது. முதலுதவி அறையை நோக்கி நடந்தான். வனமாமலை பக்கத்தில் ஓடி வந்தார். அவர் ஊரும் வள்ளியூருக்குப் பக்கத்து நாங்குநேரிதான். பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"லேய் காசி, பதினஞ்சு கிலோ லேய்! ரூலு லேய்!" நாலடி கழித்து, "பாத்து லேய், முன்னால படி இருக்கு. எடது கால மொதல்ல வையி" என்றார். இன்னும் நாலடியில் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, தொங்கிய தலையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு கூடவே வந்தார்.

மறுபக்கம் அமலா ஓடி வந்தாள். கையில் கேஜ் அப்படியே இருந்தது. மேலாளரைச் சுமந்த அந்தப் புஜம் கயிறு முறுக்கினாற்போல் புடைத்து நிற்பதைப் பார்த்தாள். கையில் சுமை இருக்கக் கூடாது என்று சோதனை விதியில் எங்கும் எழுதவில்லை. நடையோடு நடையாக அழுத்தினாள். கேஜ் சுருக்கமாக, தெளிவாக ஒரு சத்தம் கொடுத்தது.

"ஓகே-ண்ணா! ஓகே!" என்று கத்தினாள். அழுதுகொண்டே, கோணலாக இருந்த சிவப்பின் மேல் பச்சையை ஒட்டினாள்.

விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்ரீதர் சட்டென்று சுதாரித்தார். "இதுதான் எங்கள் திட்டத்தின் நேரடி விளக்கம்" என்றார் ஆங்கிலத்தில்.

முதலுதவி அறையில் நர்ஸ், "ஒண்ணுமில்ல, பசி. சர்க்கரை தண்ணி குடுங்க" என்றாள். தொழிற்சாலையில் சர்க்கரை இல்லை. காசிராஜன் பைக்குள்ளிருந்து, காலையில் மரகதம் கொடுத்த இலைப் பொட்டலத்தை எடுத்தான். மணிகண்டபிரபு கண் திறந்ததும் அதைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"வெளிச் சாப்பாடு... அலோவ்டு இல்ல."

"பிரசாதம் சார்."

மணிகண்டபிரபு கையை நீட்டினார். கொள்ளு மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். அடியில் பேப்பர் மடிப்பு தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தார். முட்டை. அதையும் தின்றார்.

"காசிராஜன், எனக்கும் சிவப்புதான் வந்துச்சு. மூணு தடவை. வெளியில சொல்லிடாதீங்க."

"சொல்லல சார். மெல்லச் சாப்பிடுங்க, விக்கிரும்."

மறுநாள் காசிராஜனுக்கு இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, பச்சை ஸ்டிக்கர் பெற்றதால் நிரந்தர ஆணை. இன்னொன்று, மஞ்சள் டேப்பைத் தாண்டியதற்கும் எண்பத்தைந்து கிலோவைக் கையால் தூக்கியதற்கும் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு மெமோ. இரண்டிலும் மணிகண்டபிரபுவின் கையெழுத்து இருந்தது. நெடுநேரம் யோசித்து, 'சார் கீழே கிடந்தார்' என்று காசிராஜன் பதில் எழுதிக் கொடுத்தான். விளக்கம் ஏற்கப்பட்டது.

திட்டம் நின்றுவிடவில்லை. எந்தத் திட்டமும் அப்படி நிற்பதில்லை. நேரடி விளக்கம் தலைமை அலுவலகத்துக்கு மிகவும் பிடித்துவிட்டதால், இப்போது வியாழக்கிழமைதோறும் மேலாளர்களில் ஒருவர் ஹாலில் படுத்துக்கொள்ள வேண்டும், பயிற்சித் தொழிலாளர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்ரீதரின் முறை வந்தபோது அவருக்கு அவசரமாகப் பெங்களூரில் வேலை வந்துவிட்டது.

வேல்விழியும் குழந்தையும் படப்பைக்கு வந்துவிட்டார்கள். நாகப்பன் சாவியோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். காசிராஜன் இன்றைக்கும் அரை மணி முன்னதாக வந்து மூட்டை ஏற்றுகிறான். என்ன குழம்பு என்று வேல்விழி இப்போது கேட்பதில்லை, அவளே கட்டிக் கொடுக்கிறாள்.

போன வாரம் ஒரு காலையில் மரகதம் சாமிக்குக் காட்டிவிட்டுத் திரும்பினால், பிள்ளையாருக்கு முன்னால் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு டை கட்டிய ஒருவர் கையேந்தி நின்றார். புதுக் காலுறை போட்டிருந்தார்.

"இன்னா சார், பிரசாதமா?"

"ஆமாக்கா." மணிகண்டபிரபு கேட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அடியில... அதுவும் இருக்கா?"